பழைய கதை, புதிய பெயர்ப் பலகை

2024 செப்டம்பர் 13 அன்று போர்ட் பிளேர் நகரம் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. உள்துறை அமைச்சர் அமித் ஷா வெளியிட்ட சுருக்கமான அறிவிப்பில் மூன்று பெருமைகள் வரிசையாக இடம் பெற்றன. ஒரு காலத்தில் சோழப் பேரரசின் கடற்படைத் தளமாக இருந்த தீவுகள் இவை. நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் மூவர்ணக் கொடியை முதன்முதலாக ஏற்றிய இடம் இது. வீர சாவர்க்கரும் மற்ற விடுதலை வீரர்களும் வாடிய செல்லுலார் சிறை இருப்பதும் இங்கேதான். சில வாக்கியங்களில் ஆயிரம் ஆண்டுகள்! தமிழ் சினிமா பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த உத்தி பழக்கமானது. நாயகனின் பெருமையை அவசரமாகச் சொல்லவேண்டியிருந்தால் இயக்குநர் ஒரு ஃபிளாஷ்பேக் வைப்பார். இங்கே மூன்று.

மூன்றுக்கும் ஏற்கெனவே படம் உண்டு என்பது கவனிக்க வேண்டிய விஷயம். சோழர்களுக்கு மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' இரண்டு பாகங்கள் (2022, 2023). நேதாஜிக்கு ஷியாம் பெனகலின் 2005-ம் ஆண்டுப் படம். சாவர்க்கருக்கு 2001-ல் ஒரு படம்; 2024 மார்ச்சில் ரந்தீப் ஹூடா இயக்கி நடித்த இன்னொரு படம். பெயர் மாற்றத்துக்கு இந்தப் படங்களே காரணம் என்று சொன்னால் அது மிகை. ஆனால் மக்கள் மனதில் காட்சிகள் தயாராக இருந்ததால்தான் அமைச்சருக்குச் சில வரிகளே போதுமானதாக இருந்தன. பாடப் புத்தகம் செய்ய முடியாத வேலையைத் திரை செய்து முடித்திருந்தது.

கடந்த காலத்தின் மீதான ஏக்கம் தியேட்டரில் வசூலாகிறது, மேடையில் ஓட்டாகிறது. இந்த வியாபாரத்தைத் தமிழர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 1965-ல் வெளியான எம்.ஜி.ஆரின் 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தை எடுத்துக்கொள்ளலாம். மணிமாறன் என்ற மருத்துவர் புரட்சிக்காரர்களுக்கு உதவினார் என்று குற்றம் சாட்டப்பட்டுத் தீவுக்கு அடிமையாக அனுப்பப்படுகிறார். தன்னோடு வந்தவர்களின் விலங்கை உடைக்கிறார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அந்த மருத்துவர் தமிழக முதலமைச்சர். அதே படம் புதுப்பிக்கப்பட்டு 2014 மார்ச்சில், மக்களவைத் தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு, மீண்டும் திரைக்கு வந்தது. அப்போது முதலமைச்சர் நாற்காலியில் இருந்தவர் படத்தின் கதாநாயகி. தியேட்டரில் விசில் அடித்தவர்கள் படத்துக்கு அடித்தார்களா, தங்கள் இளமைக்கு அடித்தார்களா, கட்சிக்கு அடித்தார்களா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

ஆனால் தமிழ்நாட்டில் இந்த வியாபாரத்துக்கு ஒரு கடிவாளம் இருக்கிறது. வீரபாண்டிய கட்டபொம்மனாகவும் வ.உ.சி.யாகவும் ராஜராஜ சோழனாகவும் திரையில் வாழ்ந்தவர் சிவாஜி கணேசன். பழைய பெருமை என்றால் தமிழனின் கண் முன் வந்து நிற்பது அவர் முகம்தான். 1988-ல் அவர் தனிக்கட்சி தொடங்கினார். 1989 சட்டமன்றத் தேர்தலில் சோழ நாட்டின் நடுவே, திருவையாறில் நின்றார். தோற்றார். ராஜராஜனைக் கைதட்டி ரசித்த மக்கள் ஓட்டுப் பெட்டி அருகே வந்ததும் வேறு கணக்குப் போட்டார்கள். ஏக்கத்துக்கும் அதிகாரத்துக்கும் இடையே ஒரு வாக்காளர் நின்றார். தேவைப்பட்டபோது வழிவிட்டார், தேவையில்லாதபோது மறித்தார்.

அந்தமானில் இந்த இடம்தான் காலி. இந்த யூனியன் பிரதேசத்துக்குச் சட்டமன்றம் கிடையாது. துணைநிலை ஆளுநர் மூலம் தில்லி ஆள்கிறது. மக்களவையில் ஒரே ஓர் உறுப்பினர். 1967 வரை அவரையும் குடியரசுத் தலைவர்தான் நியமித்தார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தீவுகளில் வாழ்வோர் 3.8 லட்சம். வங்காளம், இந்தி, தமிழ், தெலுங்கு, மலையாளம், நிகோபாரி என்று பல மொழிக்காரர்கள். ஏறத்தாழ ஏழில் ஒருவரின் தாய்மொழி தமிழ். நகராட்சியும் பஞ்சாயத்துகளும் உண்டு. ஆனால் தங்கள் தலைநகருக்கு என்ன பெயர் என்று விவாதித்து வாக்களிக்க அவர்களுக்கென்று ஒரு மன்றம் இல்லை. தமிழ்நாட்டில் ஏக்கத்தை விற்பவர் உள்ளூர்க்காரரிடம் விற்க வேண்டும். அந்தமானில் விற்கப்படுவது தீவின் கதை. வாங்குவது தில்லி, மும்பை, சென்னை.

இதற்கு நல்ல உதாரணம், நல்ல படமும்கூட, பிரியதர்ஷனின் 'காலாபானி'. 1996-ல் மலையாளத்தில் வந்தது. தமிழில் 'சிறைச்சாலை' என்ற பெயரில். மோகன்லால், பிரபு, தபு, அம்ரிஷ் பூரி என்று நடிகர்கள் கூட்டமே அந்தமானைப் போலப் பல மொழிக் கலவை. இசை இளையராஜா. ஒளிப்பதிவாளர் சந்தோஷ் சிவனுக்கும் கலை இயக்குநர் சாபு சிரிலுக்கும் தேசிய விருதுகள் கிடைத்தன. கதாநாயகன் கோவர்த்தன் ஒரு மருத்துவர். ரயில் குண்டுவெடிப்பு வழக்கில் பொய்யாகச் சிக்கவைக்கப்பட்டுத் தீவுக்கு வருகிறார். 1965-ன் மணிமாறனுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்றே சொல்லலாம். படத்தின் பெரும்பகுதி ஃபிளாஷ்பேக். சாவர்க்கர் அதில் ஒரு துணைப் பாத்திரம்தான். நடித்தவர் அன்னு கபூர்.

துணைப் பாத்திரம் கதாநாயகனாக அதிக நாள் ஆகவில்லை. 2001-ல் பாடகரும் இசையமைப்பாளருமான சுதிர் பட்கே பொதுமக்களிடம் நன்கொடை திரட்டித் தயாரித்த சாவர்க்கர் படம் வெளியானது. 2002-ல் போர்ட் பிளேர் விமான நிலையத்துக்குச் சாவர்க்கர் பெயர். 2003 பிப்ரவரியில் நாடாளுமன்ற மைய மண்டபத்தில் அவர் உருவப்படம். 2004-ல் தில்லியில் ஆட்சி மாறியது. சிறை வளாகத்தில் கல்வெட்டும் மாறியது. மயிலாடுதுறை தொகுதியிலிருந்து வென்று பெட்ரோலிய அமைச்சரான மணிசங்கர் அய்யர், சுதந்திர ஜோதி அருகே இருந்த சாவர்க்கர் வாசகத்தை அகற்றச் சொன்னார். காந்தியின் வாசகம் வந்தது. நாடாளுமன்றம் அமளியில் ஸ்தம்பித்தது. மகாராஷ்டிரத்தில் அடுத்த சில வாரங்களில் சட்டமன்றத் தேர்தல். சிவசேனை தெருவில் இறங்கியது. 2015-ல், மீண்டும் ஆட்சி மாறிய பிறகு, சாவர்க்கர் வாசகம் திரும்பி வந்தது. ஒரு பலகைக்காக மும்பையும் தில்லியும் மோதிக்கொண்டன. அதற்குப் பக்கத்தில் வசிப்பவர்கள் வெறும் பார்வையாளர்கள்.

சாவர்க்கர் 1911-லிருந்து 1921 வரை அந்தச் சிறையில் செக்கு இழுத்ததும் உண்மை. 1911-லிருந்தே கருணை மனுக்கள் எழுதியதும் உண்மை. அவருடைய ஆதரவாளர்களும் எதிர்ப்பாளர்களும் இந்த இரண்டில் ஒன்றை மட்டும் உரக்கச் சொல்கிறார்கள். இந்தச் சண்டையில் அடிபட்டுப் போனது மற்றவர்களின் கதை. சிறையில் கைதிகளின் பெயர்கள் மாகாணவாரியாகப் பளிங்கில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் வங்காளத்துக்காரர்களே அதிகம். 1933-ல் உண்ணாவிரதம் இருந்தவர்களுக்கு வலுக்கட்டாயமாக உணவு செலுத்தியதைத் தொடர்ந்து மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோஹித் மைத்ரா மூவரும் இறந்தனர். 1937-ல் மீண்டும் பெரிய உண்ணாவிரதம்; நாடு முழுவதும் எழுந்த குரலுக்குப் பணிந்து 1938-க்குள் அரசியல் கைதிகளைப் பிரிட்டிஷ் அரசு தாயகத்துக்குத் திருப்பி அனுப்பியது. இவர்களில் பலர் சிறைக்குள்ளேயே கம்யூனிஸ்டுகள் ஆனவர்கள். இன்றைய ஏக்கச் சந்தையில் அந்தச் சரக்குக்குக் கிராக்கி இல்லை.

இரண்டாவது ஃபிளாஷ்பேக்கும் இப்படித்தான். 1943 டிசம்பர் 30 அன்று போர்ட் பிளேரில் நேதாஜி கொடியேற்றினார். சந்தேகமில்லாமல் உணர்ச்சிகரமான காட்சி. ஆனால் கேமரா சற்றுத் திரும்பினால் வேறொன்று தெரியும். 1942 மார்ச்சிலிருந்து தீவுகள் ஜப்பானியர் கையில். அதே செல்லுலார் சிறையில் அப்போது அடைபட்டிருந்தவர் திவான் சிங். பஞ்சாபிக் கவிஞர், தொழிலால் மருத்துவர். இந்திய சுதந்திர லீகின் உள்ளூர்த் தலைவராக இருந்தவரையே உளவாளி என்று சந்தேகித்துச் சித்திரவதை செய்தார்கள். நேதாஜி வந்து போன இரண்டு வாரத்தில், 1944 ஜனவரி 14 அன்று, அவர் உயிர் போனது. அதே மாதம் 30-ம் தேதி ஹம்ப்ரிகஞ்சில் 44 இந்தியர்களை ஜப்பானியர் சுட்டுக் கொன்றனர். ஜப்பானியர் காட்டியதை மட்டுமே நேதாஜியால் பார்க்க முடிந்தது என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து.

அடுத்து வந்தவர் ஒரு தமிழர். ஆற்காடு துரைசாமி லோகநாதன், இந்திய தேசிய ராணுவத்தின் மருத்துவப் பிரிவுத் தலைவர். 1944 பிப்ரவரியில் ஆசாத் ஹிந்த் அரசின் ஆளுநராக அந்தமானில் பொறுப்பேற்றார். பதவி இருந்தது, அதிகாரம் இல்லை. காவல் துறையை ஜப்பானியர் கடைசிவரை அவரிடம் ஒப்படைக்கவில்லை. கல்வித் துறையைப் போன்ற சிலவற்றை வைத்துக்கொண்டு, சொந்த மக்கள் உதைபடுவதைத் தடுக்க முடியாமல், அந்த ஆண்டே அவர் தீவை விட்டுப் போனார். திரையில் தீவுக்கு வந்த மருத்துவர்கள் இருவர் விலங்கை எதிர்த்து வீரத்துடன் போராடினார்கள். நிஜத்தில் வந்த மருத்துவர்களில் ஒருவர் சித்திரவதையில் செத்தார். மற்றவர் கையாலாகாமல் திரும்பினார். மணிமாறனைத் தெரிந்த தமிழர்கள் கோடிக்கணக்கில். லோகநாதனைத் தெரிந்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

மூன்றாவது ஃபிளாஷ்பேக் தமிழர்களுக்கு நேராக வைத்த விருந்து. முதலாம் ராஜேந்திரனின் கடார வெற்றியைச் சொல்லும் தஞ்சைக் கல்வெட்டில் மாநக்கவாரம் என்று நிகோபார் குறிப்பிடப்படுகிறது. ஆனால் அது வென்ற ஊர்களின் பட்டியல். கடற்படைத் தளம் பற்றி அதில் பேச்சில்லை. இன்னொரு வேடிக்கை: 1025-ல் ராஜேந்திரன் கப்பல்களை அனுப்பித் தாக்கிய பேரரசின் பெயரே ஸ்ரீ விஜயம். புதிய பெயர் விடுதலைப் போராட்டத்தின் வெற்றியைக் குறிக்கிறது என்றுதான் அமைச்சர் விளக்கம் தந்தார். இருந்தாலும் சோழனின் நினைவைப் பாடிக்கொண்டே, அவன் முறியடித்த எதிரியை நினைவூட்டும் பெயர் அந்த ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கல்வெட்டைப் படித்திருந்தால் யாராவது சற்று யோசித்திருப்பார்கள். டிரெய்லரைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தேவை வரவில்லை.

சோழர் ஏக்கத்துக்கு அரசியலில் எவ்வளவு கிராக்கி என்பது 'பொன்னியின் செல்வன்' வெளியான சில நாட்களிலேயே தெரிந்தது. 2022 அக்டோபரில், ராஜராஜனை இந்து அரசன் ஆக்குகிறார்கள் என்று இயக்குநர் வெற்றிமாறன் பேச, கமல் ஹாசன் துணைக்கு வர, பா.ஜ.க. தலைவர்கள் பதிலடி கொடுக்க, செத்து ஆயிரம் ஆண்டான மன்னருக்கு மதம் தீர்மானிக்கும் வேலை தொலைக்காட்சிகளில் நடந்தது. இரண்டாம் பாகம் வந்த அடுத்த மாதம், 2023 மே 28-ல், புதிய நாடாளுமன்றத்தில் பிரதமர் மோடி செங்கோலை நிறுவினார். அதுவும் சோழர் மரபு என்றே சொல்லப்பட்டது. 2025 ஜூலையில் அவர் கங்கைகொண்ட சோழபுரத்துக்கே வந்தார். திராவிடக் கட்சிகளும் சும்மா இருக்கவில்லை. சோழன் எங்கள் வீட்டுப் பிள்ளை என்று அவர்களும் உரிமை கொண்டாடினார்கள். தமிழ்நாட்டில் இது நல்ல போட்டி. யாருடைய சோழன் வென்றார் என்று ஓட்டு எண்ணும்போது தெரியும். அந்தமானில் அதே சோழன் போட்டியின்றித் தேர்வு செய்யப்பட்டார்.

அப்படியானால் தீவு மக்களின் சொந்த நினைவு எது? 1858 மார்ச்சில் இருநூறு கைதிகளோடு குற்றவாளிக் குடியிருப்பு தொடங்கியது. அடுத்த பல பத்தாண்டுகளில் வந்த ஆயிரக்கணக்கானவர்களில் பெரும்பாலோர் தியாகிகள் அல்ல. கொலை, கொள்ளை வழக்குகளில் தண்டனை பெற்ற சாதாரண மனிதர்கள். தண்டனைக் காலத்திலேயே அங்கே திருமணம் செய்துகொண்டு, சாதியும் மதமும் பிரதேசமும் கலந்து, இந்துஸ்தானியைப் பொது மொழியாக்கி ஒரு சமூகத்தை உருவாக்கினார்கள். மாப்பிள்ளைக் கிளர்ச்சிக்குப் பின் மலபாரிலிருந்து வந்தவர்கள் தங்கள் குடியிருப்புகளுக்குக் காலிகட், திரூர், மன்னார்காடு என்று ஊர்ப் பெயர்களையே வைத்தார்கள். கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் வந்தார்கள். சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்கள் சிலர் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேற்றப்பட்டார்கள். திரூர் என்று பெயர் வைத்தவரிடம் இருந்ததும் ஏக்கம்தான். ஆனால் அது யாரிடமும் ஓட்டு கேட்கவில்லை, டிக்கெட் விற்கவில்லை.

இவர்கள் எல்லோருக்கும் முந்தியவர்களின் ஏக்கம் ஒன்று இருக்கிறது. இங்கேதான் விஷயம் பலகையோடு நிற்காமல் நிலத்துக்கு வருகிறது. கிரேட் நிகோபாரின் தென்கோடி முனைக்கு 1980-களில் இந்திரா முனை என்று பெயர் வைத்தார்கள். ஆக, தலைவர் பெயரைத் தீவில் ஒட்டும் பழக்கம் ஒரு கட்சிக்கு மட்டும் சொந்தமல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்தக் கடற்கரையின் நிகோபாரி கிராமங்கள் அழிந்தன. தப்பியவர்களைக் கேம்பெல் விரிகுடா பக்கம் முகாம்களிலும் பின்பு அரசு கட்டிய வீடுகளிலும் குடியமர்த்தினார்கள். அந்தக் குடியிருப்புகளில் ஒன்றின் பெயர் ராஜீவ் நகர். தற்காலிகம் என்று நினைத்துத்தான் போனார்கள். தென்னந்தோப்பும் பன்றி வளர்ப்பும் மூதாதையர் புதைந்த மண்ணும் பழைய ஊரில் இருந்தன. திரும்பிப் போக வேண்டும் என்று ஆண்டுதோறும் கேட்டார்கள்.

அதற்குள் அந்தக் கடற்கரைக்கு வேறு திட்டம் வந்துவிட்டது. கலாத்தியா விரிகுடாவில் சரக்குப் பெட்டகத் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், புதிய நகரம்: 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி பெற்றபோது மதிப்பீடு ரூ. 72,000 கோடி. சுமார் 130 சதுர கிலோமீட்டர் காடு இதற்காகக் கைமாறுகிறது. மலாக்கா நீரிணைக்கு அருகில் நாட்டின் பாதுகாப்புக்கும் வணிகத்துக்கும் இது தேவை என்று அரசு வாதிடுகிறது. அதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் அதே 2022 நவம்பரில் அங்குள்ள பழங்குடிக் கவுன்சில், முன்பு தந்த சம்மதத்தைத் திரும்பப் பெற்றது. சுனாமிக்கு முன் தாங்கள் வாழ்ந்த நிலமும் திட்டத்துக்குள் வருவது தங்களுக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை என்பது அவர்கள் புகார். வெளியுலகத் தொடர்பைப் பெரும்பாலும் தவிர்த்துக் காட்டுக்குள் வாழும் ஷொம்பென் மக்களிடம் எப்படிச் சம்மதம் கேட்பது என்ற கேள்வி தனி.

பழைய பெருமையை மீட்பதாகச் சொல்லித்தான் போர்ட் பிளேருக்குப் பெயர் மாற்றினார்கள். நிகோபாரி மக்கள் கேட்பதும் மீட்புதான். அதுவும் ஆயிரம் ஆண்டுப் பழங்கதை அல்ல, இன்னும் உயிரோடிருப்பவர்கள் பிறந்து வளர்ந்த ஊர். அந்த ஊரைப் பற்றி எந்த மெகா பட்ஜெட் படமும் வரவில்லை. பாட்டில்லை, சண்டைக் காட்சியில்லை, கட்அவுட்டில்லை. அந்த ஏக்கத்துக்குப் பின்னால் நிற்கும் ஓட்டுகளோ சில நூறு. சோழனை நினைத்து உருகச் சொல்லும் அதிகாரம், சுனாமிக்கு முந்திய வீட்டை நினைத்து உருகுபவரிடம் வளர்ச்சி பற்றிப் பாடம் நடத்துகிறது.

படம் எடுப்பவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கூட்டத்தை விட்டு நாயகனைக் காட்டுவது சினிமாவின் இயல்பு. இரண்டரை மணி நேரத்தில் எல்லாப் பெயரையும் சொல்ல முடியாது. அரசுக்கு அந்தச் சலுகை கிடையாது. அதன் படத்தில் துணை நடிகர்கள் இல்லை, எல்லோரும் குடிமக்கள். தலைநகரின் பெயரை மாற்றத் தில்லிக்கு ஓர் அறிவிப்பு போதுமானதாக இருந்தது. சொந்தக் கிராமத்துக்குத் திரும்ப நிகோபாரி மக்களுக்கு இருபது ஆண்டுகள் போதவில்லை.